அரசு மருத்துவமனையா, தனியார் மருத்துவக் காப்பீடா: வயதான பெற்றோருக்கு எதை நம்புவது?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

என் தந்தைக்கு 66 வயது, தாயாருக்கு 61. தந்தைக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. தாயாருக்கு மூட்டு வலியைத் தவிர வேறு குறை இல்லை. இதுவரை என் அலுவலகக் குழுக் காப்பீட்டில் இருவரும் சேர்ந்திருந்தார்கள். அடுத்த புதுப்பிப்பிலிருந்து பெற்றோரைச் சேர்ப்பதில்லை என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. தனியாக 5 லட்ச ரூபாய்க்குப் பாலிசி எடுக்கலாம் என்று விசாரித்தால், கேட்கும் பிரீமியம் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு மலைப்பாக இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துவிடலாம் என்றால், ஆண்டு வருமானம் 1.20 லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால் நாங்கள் அதற்குத் தகுதி பெறவில்லை.

உறவினர்கள் இரு தரப்பாகப் பேசுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இன்றைக்கு எல்லாம் கிடைக்கிறது, பிரீமியப் பணத்தை வங்கியில் போட்டுவை என்கிறார்கள் சிலர். பாலிசி இல்லாமல் ஒருமுறை மாரடைப்பு வந்தால் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டியதுதான் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டையும் உள்ளிருந்து அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் என்னைப் போன்ற பலருக்குப் பயன்படும்.

வைகைக்கரை

நான் அரசு மருத்துவமனைகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவன். தம்பி கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். காப்பீடு சிகிச்சை தருவதில்லை, சிகிச்சைக்கான செலவில் ஒரு பகுதியைத் தருகிறது. மருத்துவரும் படுக்கையும் மருந்தும் அருகில் இருக்கும்போதுதான் அந்தப் பணத்துக்குப் பொருள் உண்டு. கிணறு வற்றிக் கிடக்கும் ஊரில் வாளியும் கயிறும் கொடுத்து என்ன பயன்?

உங்கள் தந்தையின் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படுவது மாதா மாதம் மாத்திரை, இடையிடையே இரத்தப் பரிசோதனை, ஆண்டுக்கு ஒருமுறை கண்ணிலும் பாதத்திலும் சிறுநீரகச் செயல்பாட்டிலும் ஒரு பார்வை. இவற்றுக்கு வழக்கமான மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது. ஏனென்றால் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்காகவே அது வடிவமைக்கப்பட்டது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் பக்கவாதம் வந்து ஐசியுவில் படுத்த பிறகுதான் பாலிசி விழித்துக்கொள்கிறது. நம் நாட்டில் குடும்பங்கள் மருத்துவத்துக்காகத் தம் கையிலிருந்து செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி மருந்துக் கடையில்தான் போகிறது என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இந்த இடத்தைத்தான் பொதுச் சுகாதாரத் துறை நிரப்புகிறது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பற்றி மருத்துவத் துறைக்கு வெளியே பேசுவோர் குறைவு. அதற்கு முன்னால் ஒவ்வொரு மருத்துவமனையும் வெவ்வேறு விலைக்கு மருந்து வாங்கியது. சில இடங்களில் தேவையற்ற மருந்து மூட்டை மூட்டையாகக் கிடந்து காலாவதியாகும், சில இடங்களில் அவசியமான ஆன்டிபயாடிக் இல்லாமல் நாங்கள் வெளியே எழுதிக் கொடுப்போம். கழகம் வந்த பிறகு மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தத்தில், நிறுவனங்கள் சூட்டும் வணிகப் பெயரில் அல்லாமல் மருந்தின் மூலப்பெயரில், மொத்தமாக மருந்து வாங்கப்பட்டது. மாவட்டந்தோறும் கிடங்கு அமைந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற ஒரு பாஸ்புக் கொடுத்து, ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் செய்தார்கள். மருந்தின் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே விநியோகம். பின்னாளில் பல மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துத் தாங்களும் இப்படிக் கழகங்களை அமைத்துக்கொண்டன.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தின்படி, நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய மூன்றையும் முதல் தவணையாக உடனே கொடுத்துவிட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். 108 ஆம்புலன்ஸ் எவரிடமும் பாலிசி எண் கேட்பதில்லை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, அவர் எந்த மாநிலத்தவர் என்றாலும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் அரசே குறிப்பிட்ட வரம்புவரை ஏற்கிறது.

நாட்டின் சுகாதார நிலையை ஆராய சர் ஜோசப் போர் (Bhore) தலைமையில் அமைந்த குழு 1946-இல் தன் அறிக்கையை அளித்தபோது, பணம் கட்ட முடியாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்பதை அடிப்படையாக வைத்தது. அந்தக் குழுவில் நம் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர். அதைத்தான் எங்கள் தலைமுறை மருத்துவர்கள் கடமையாக எடுத்துக்கொண்டோம். எனவே என் கருத்து, முதல் நம்பிக்கை அரசு மருத்துவமனையின் மீது இருக்கட்டும்.

நொய்யல்

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், சிகிச்சைச் செலவைக் கேட்டு வரும் கோரிக்கைகளைப் பார்க்கும் கிளெய்ம் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். மருத்துவர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பாலிசியில் எங்கே பணம் கிடைக்கும், எங்கே கை விரிப்பார்கள் என்பதை அறியாமல் இதை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவு செய்வது சரியாகாது.

பெரும்பாலானவர்கள் ஏமாற்றம் அடையும் இடம் அறை வாடகை. பழைய பாலிசிகள் பலவற்றிலும் இன்றைய மலிவான பாலிசிகள் சிலவற்றிலும் நாள் வாடகை காப்பீட்டுத் தொகையில் ஒரு விழுக்காடு என்று வரம்பு இருக்கும். 5 லட்சத்துக்கு அது 5,000 ரூபாய். அட்மிஷன் நேரத்தில் அந்த விலையில் அறை காலியாக இல்லை என்று சொல்லி 8,000 ரூபாய் அறையில் சேர்த்துவிடுகிறார்கள். வாடகை வித்தியாசம் நாளுக்கு 3,000 தானே, கட்டிவிடலாம் என்று குடும்பம் நினைக்கிறது. ஆனால் குறைப்பு வாடகையோடு நிற்பதில்லை. அறுவை மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், மயக்க மருத்துவர் கட்டணம், செவிலியர் கட்டணம் என அறையின் தரத்தைப் பொறுத்து மாறும் எல்லாவற்றையும் எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில் வெட்டுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நான்கு நாள் அறை வாடகை 32,000. மருத்துவர், அரங்கம் முதலிய கட்டணங்கள் 1,60,000. மருந்தும் உடலுக்குள் பொருத்தும் கருவியும் 60,000. மொத்த பில் 2,52,000. இதில் வாடகைக்கு 20,000, மருத்துவர் கட்டணம் முதலியவற்றுக்கு 1,00,000, மருந்துக்கும் கருவிக்கும் வெட்டில்லாமல் 60,000 ஆக 1,80,000 மட்டுமே கிடைக்கும். மீதி 72,000 கையிலிருந்து. 12,000 ரூபாய் வாடகை வித்தியாசம் என்று எண்ணியவர் டிஸ்சார்ஜ் நாளில் அந்தத் தொகையைப் பார்த்து நிலைகுலைந்து போவார். மருந்துக்கும் கருவிக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு பொருந்தாது என்று 2020-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தெளிவுபடுத்தியது; அதற்கு முன்னால் அதையும் வெட்டியவர்கள் உண்டு. இவை போக, கையுறை, முகக்கவசம் போன்ற சில்லறைப் பொருள்கள் பல பாலிசிகளில் சேராது. மூத்த குடிமக்கள் பாலிசிகள் பலவற்றில் பில்லில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ நாமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு.

அடுத்தது ஏற்கெனவே உள்ள நோய். பாலிசி எடுத்த பிறகும் அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 36 மாதம். முன்பு 48 மாதமாக இருந்தது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்கும் தனிக் காத்திருப்பு உண்டு. தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடப்பில் இருந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, முன்பு சொல்லாமல் விட்டீர்கள் என்று காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது. இது பாலிசிதாரருக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. ஆனாலும் முகவர் "சர்க்கரையைக் குறிப்பிட வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். நான் மேசையில் பார்த்த மறுப்புகளில் மனத்தை வருத்தியவை இப்படிப்பட்டவைதான். படிவத்தை நிரப்பியவர் முகவர், கையெழுத்துப் போட்டவர் பெரியவர், கடைசியில் பொய் சொன்னவர் என்ற பழியும் அந்தப் பெரியவருக்கே வந்து சேரும்.

இதையெல்லாம் சொன்னாலும், சரியான பாலிசி சரியான நேரத்தில் ஒரு குடும்பத்தை எப்படித் தாங்கியது என்பதையும் நேரில் கண்டிருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு, பைபாஸ் அறுவைச் செலவை ஏற்கிறோம் என்ற முன் அனுமதி எங்களிடமிருந்து போனதும், நகையைக் கழற்றிக் கைப்பையில் வைத்திருந்த ஓர் அம்மா அதைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டதாக மருத்துவமனை உதவி மேசையில் இருந்தவர் தொலைபேசியில் சொன்னார். இந்தப் பயனைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

பாலாறு

மருத்துவர் ஐயாவின் பதிவை மதிப்போடு வாசித்தேன். என் தாயாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில்தான் அறுவை நடந்தது. அறுவை சிறப்பாகச் செய்யப்பட்டது. இன்றும் துணையின்றி நடக்கிறார். ஒரு ரூபாய் கட்டணம் இல்லை. ஆகவே அங்குள்ள மருத்துவத்தின் தரத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை.

குறை மருத்துவத்தைச் சுற்றி இருப்பவற்றில்தான். இரத்த மாதிரிக் குப்பியை வார்டிலிருந்து ஆய்வகத்துக்கு நானே எடுத்துப் போனேன். முடிவுத் தாளையும் நானே காத்திருந்து வாங்கி வந்தேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குப் போய்வர ஒவ்வொரு முறையும் பணம் கேட்டார்கள். கொடுக்காவிட்டால் ஆள் வர மாட்டார். கழிப்பறையில் மாலைக்கு மேல் தண்ணீர் இல்லை. இடுப்பு முறிந்த பெண்ணுக்குப் படுக்கையிலேயே மலச்சட்டி வைக்க வேண்டும், சுற்றிலும் மறைப்பதற்கு ஒரு திரை கிடையாது. என் தாயார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார், காரணம் கேட்டபோது இதைத்தான் சொன்னார். மூன்று வேளையும் உணவு தருகிறார்கள். அதை உண்ண முடியாதபடி ஒருவரின் மானம் அங்கே கூசிப்போகிறது. வீட்டில் உடன் இருக்க ஆள் இல்லாதவர் அந்த வார்டில் என்ன செய்வார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

மக்கள் கடன் வாங்கியாவது தனியாருக்குப் போவதற்குக் காரணம் பகட்டு என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு திரைக்காகவும் பூட்டக்கூடிய ஒரு கழிப்பறைக்காகவும் போகிறார்கள்.

வைகைக்கரை

அம்மா, நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. அதை மறுத்தால் நான் பணியாற்றிய இடத்துக்கே துரோகம் செய்தவனாவேன்.

ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஊழியரும் துப்புரவுப் பணியாளரும் பல இடங்களில் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். பகல் முழுவதும் வேலை, குறைந்த கூலி, நிரந்தரம் இல்லை. லஞ்சத்துக்கு இது நியாயம் ஆகாது. ஆனால் ஆளைத் திட்டி மட்டும் அது தீராது. 2015-க்குப் பிறகு தேர்வு எழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு எத்தனை முறை வீதிக்கு வந்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். இரவுப் பணியில் ஒரு செவிலியர் எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறார் என்று எண்ணிப் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு இருக்கும் ஆழமான கவலை வேறு. ஒரு காலத்தில் வங்கி மேலாளரும் பள்ளித் தலைமையாசிரியரும் தாசில்தாரும் பெரியாஸ்பத்திரியில்தான் படுத்தார்கள். தண்ணீர் வரவில்லை என்றால் அவர்கள் எழுதும் ஒரு கடிதத்துக்கு மறுநாள் பதில் வரும். இன்று அரசு ஊழியர்களுக்கே அரசு காப்பீடு எடுத்துக் கொடுத்துத் தனியார் மருத்துவமனைக்கு அனுப்புகிறது. கேட்டுப் பெறக்கூடியவர்கள் எல்லாரும் வெளியேறிவிட்ட வார்டில் திரை கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? நடுத்தர வர்க்கம் காப்பீட்டு அட்டையோடு போய்விட்டதற்கு ஏழை நோயாளி கொடுக்கும் விலை இது.

பொருநை

தனியார் மருத்துவமனை ஒன்றில் காப்பீட்டு உதவி மேசையில் இருக்கிறேன். அரசே பிரீமியம் கட்டும் திட்டத்தைப் பற்றி எவரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது; 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018-இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை கிடைக்கிறது. ஏழைக் குடும்பத்தின் குழந்தைக்கு இதய அறுவையும் காது கேட்கும் கருவிப் பொருத்தமும் நடப்பதை அன்றாடம் பார்க்கிறேன். இந்தத் திட்டம் வேண்டாம் என்று என்னால் சொல்லவே முடியாது.

ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு ஒரு தொகுப்புக் கட்டணம் நிர்ணயித்திருக்கிறது. அந்தக் கட்டணம் கட்டுப்படியாகும் சிகிச்சைக்கு மருத்துவமனைகள் விரும்பி நோயாளிகளைச் சேர்க்கின்றன. கட்டுப்படியாகாத, சிக்கல் மிகுந்த, நாள்கணக்கில் ஐசியுவில் கிடக்கக்கூடிய நோயாளி வந்தால் படுக்கை இல்லை என்ற பதில் வரும். அவர் கடைசியில் போய்ச் சேரும் இடம் அரசு மருத்துவமனைதான். திட்டத்தின் கீழ் நோயாளியிடம் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது என்பது விதி. "கருவி கொஞ்சம் நல்லதாகப் போட வேண்டும்" என்று சொல்லிப் பணம் கேட்கும் இடங்களும் இருக்கின்றன. பயந்த குடும்பம் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுகிறது.

இதில் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. அரசு மருத்துவமனைகளும் இதே திட்டத்தின் கீழ் சிகிச்சை அளித்துக் கிளெய்ம் பணம் பெறலாம். அந்தப் பணம் கருவி வாங்கவும், பராமரிப்புக்கும், பணியாளர் ஊக்கத்தொகைக்கும் பயன்படுகிறது. அட்டை உள்ளவர்கள் தனியாருக்குப் போகாமல் அரசு மருத்துவமனையிலேயே அதைக் கொடுத்தால் அந்தப் பணம் பொது மருத்துவமனைக்கே திரும்புகிறது. இதை நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்வோர் மிகக் குறைவு.

விலையைப் பற்றியும் ஒன்று. இதயக் குழாய்க்குள் பொருத்தும் மருந்து பூசிய ஸ்டென்ட் லட்ச ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் அந்த விலையைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் உச்ச விலையை 29,600 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மூட்டு மாற்றுக் கருவிக்கும் உச்ச விலை வந்தது. மருத்துவமனைகள் வேறு இனங்களில் கட்டணத்தை ஏற்றிக்கொண்டன என்ற புகார் இருக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது. எப்படியானாலும் கருவியின் விலையை இறக்கியது அரசின் உத்தரவு.

தேம்ஸ்கரை

இங்கிலாந்தில் வசிக்கிறேன். இங்கே 1948 ஜூலை 5 முதல் தேசிய சுகாதாரப் பணி இயங்குகிறது. அனுரின் பெவன் அமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்டது. வரிப் பணத்தில் நடக்கிறது. மருத்துவரைப் பார்க்கவோ அறுவை செய்துகொள்ளவோ கட்டணம் இல்லை. இதைப் புகழ்ந்து பேசுவோர் காத்திருப்புப் பட்டியலைச் சொல்லாமல் விடக் கூடாது. 2023-இல் இங்கிலாந்தில் காத்திருந்த சிகிச்சைகளின் எண்ணிக்கை 77 லட்சத்தைத் தாண்டியது. மூட்டு வலியோடு ஒரு மூதாட்டி மாதக்கணக்கில் வலிநிவாரணியில் நாளைத் தள்ளுவது எளிதான விஷயமன்று.

அதனால் என் அலுவலகம் தனியார் காப்பீடு தருகிறது. அந்தப் பாலிசியை வாசித்தால், நீண்டகால நோய்களுக்கான தொடர் பராமரிப்பு அதில் பொதுவாகச் சேராது. ஏற்கெனவே உள்ள நோயும் சேராது. பெரும்பாலான தனியார் மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைப் பிரிவே கிடையாது. பாலிசி வைத்திருக்கும் செல்வந்தருக்கும் நள்ளிரவில் நெஞ்சு வலி வந்தால் அவரைப் பொது மருத்துவமனைக்குத்தான் தூக்கிப் போகிறார்கள். தனியார் காப்பீடு இங்கே வாங்கித் தருவது விரைவையும் தனி அறையையும். உயிர் காக்கும் பொறுப்பைப் பொதுத்துறையிடமே விட்டுவிடுகிறது. பொதுத்துறை தளர்ந்தால் இரண்டும் தளரும் என்பதை கொரோனாக் காலத்தில் கண்ணாரக் கண்டோம்.

வடமராட்சி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இலங்கையில் 1951 முதல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை. மருத்துவக் காப்புறுதி எங்கள் சனங்களிடம் பெரிதாகப் பரவவில்லை. அரச வைத்தியசாலை இருக்கிறது என்ற தைரியந்தான் காரணம். காலையில் கிளினிக்கில் பார்க்கும் அதே வைத்திய நிபுணரை மாலையில் காசு கட்டித் தனியாரிடம் பார்ப்பார்கள். சத்திரசிகிச்சை என்று வந்தால் போதனா வைத்தியசாலைக்கே திரும்பி வருவார்கள்.

2022-இல் நாடு கடனில் மூழ்கியபோது மருந்து இறக்குமதி தடைப்பட்டது. அந்த மார்ச்சில் பேராதனை வைத்தியசாலையில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். கையில் காப்புறுதி வைத்திருந்தவர்களுக்கும் பாமசியில் அதே மருந்து இல்லை. அரசாங்கத்தின் பொருளாதாரம் விழுந்தால் பொது மருத்துவமும் கூடவே விழும் என்பதை அனுபவித்தவர்கள் நாங்கள். ஆகையால் மருந்துக் கொள்வனவு எப்படி நடக்கிறது என்று மருத்துவர் ஐயா எழுதிய பகுதியை இந்த இழையில் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

காவிரிக்கரை

அனைவருக்கும் நன்றி. எனக்கு இப்போது விளங்குவது, மாதாந்திரப் பராமரிப்புக்கு அரசுத் துறை, திடீரென்று வரும் பெரிய செலவுக்குக் காப்பீடு என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது. ஆனால் தந்தைக்கு இப்போது பாலிசி எடுத்தால் சர்க்கரை தொடர்பான எதற்கும் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் அல்லவா? அந்த மூன்று ஆண்டுக்குப் பிரீமியம் கட்டுவதில் பொருள் இருக்கிறதா?

நொய்யல்

இருக்கிறது. அதற்கு முன்னால் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அலுவலகக் குழுப் பாலிசியிலிருந்து வெளியேறுகிறவர், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். அப்படி மாறும்போது குழுப் பாலிசியில் தொடர்ந்து இருந்த காலம் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும். உங்கள் பெற்றோர் அதில் பல ஆண்டுகள் இருந்திருந்தால், தந்தையின் சர்க்கரைக்கான காத்திருப்பு பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்கு முடிந்துபோனதாகவே கொள்ளப்படலாம். குழுப் பாலிசி முடிவதற்கு முன்பே எழுத்து மூலம் கேளுங்கள். பழைய ஆண்டுகளின் சான்றிதழ்களை மனிதவளப் பிரிவிடமிருந்து இப்போதே வாங்கி வையுங்கள். வேலை போன பிறகோ ஒப்பந்தம் முடிந்த பிறகோ அந்தத் தாள்களைத் திரட்டுவது பெரும்பாடு.

பிரீமியத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்காக அறை வாடகை வரம்புள்ள பாலிசியை எடுக்காதீர்கள். அதைவிட, முதல் ஒரு லட்சத்தையோ இரண்டு லட்சத்தையோ நாமே ஏற்போம், அதற்கு மேல் நிறுவனம் தரட்டும் என்ற வகைப் பாலிசி குறைந்த பிரீமியத்தில் கிடைக்கும். அந்த முதல் தொகையை வங்கியில் தனியாக ஒதுக்கி வையுங்கள். உங்கள் உறவினர்கள் சொன்ன இரண்டு யோசனைகளும் இதில் ஒன்றாகிவிடுகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி நீக்கப்பட்டதால் பிரீமியச் சுமையும் ஓரளவு இறங்கியிருக்கிறது. 60 வயதைக் கடந்தவர்களின் பிரீமியத்தை ஓர் ஆண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதானால் முன்கூட்டியே ஒழுங்குமுறை ஆணையத்திடம் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. கிளெய்ம் மறுக்கப்பட்டால் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. சென்னையில் அலுவலகம் இருக்கிறது.

பாலாறு

தம்பி பாலிசி எடுப்பதை நான் வரவேற்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். பாலிசி கையில் வந்த பிறகும் உங்கள் ஊர் அரசு மருத்துவமனையை மறந்துவிடாதீர்கள். அங்கே நோயாளர் நலச் சங்கம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. வார்டில் திரையும் கழிப்பறையில் தாழ்ப்பாளும் வைப்பதற்கு எத்தனை கோடி வேண்டும்? என் தாயார் இருந்த வார்டுக்கு நாங்கள் சிலர் சேர்ந்து மனு எழுதிக் கொடுத்தோம். மறைப்புத் திரைகள் வந்தன. தண்ணீருக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம்.

வைகைக்கரை

அம்மா எழுதிக் கொடுத்த அந்த மனுவின் நகலை இங்கே பதிந்தால் மற்ற ஊர்களில் இருப்பவர்களும் அதைப் பார்த்து எழுதலாம். பெயர்களை நீக்கிவிட்டுப் பதியுங்கள்.

காவிரிக்கரைத் தம்பிக்கு ஒன்று. தந்தையை இந்த வாரமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போய்ப் பதிவு செய்யுங்கள். மாத்திரை வாங்குவதோடு நிற்காமல் சிறுநீரில் புரதம் போகிறதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் எவ்வளவு, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விழித்திரையைப் பார்க்க மாவட்ட மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். புதிய பாலிசிக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் பரிசோதனை முடிவுகளையும் மறைக்காமல் அப்படியே இணைத்துவிடுங்கள்.